கண்ணுக்குள் ஒரு கரன்ட்!

பாரீஸ் நகரத்துக்குக் கிழக்கே சுமார் நாற்பது கிலோமீட்டர் போனால் கூப்வ்ரே என்று ஒரு சின்ன ஊர். ஆண்டு 1812. குதிரைகளுக்குச் சேணம் தைத்துப் பிழைக்கும் ஒருவரின் பட்டறை. சுற்றிலும் தோல் துண்டுகள், கத்திகள், விதவிதமான ஊசிகள். அப்பா வேலை செய்வதைத் தினமும் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்க்கிற மூன்று வயதுப் பையன், யாரும் கவனிக்காத ஒரு நிமிஷத்தில் குத்தூசியை எடுத்து, அப்பா மாதிரியே தோலில் ஓட்டை போடப் பார்த்தான். முகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பலம் கொண்ட மட்டும் அழுத்த... ஊசி வழுக்கியது. நேராக ஒரு கண்ணில் இறங்கியது!

அந்தப் பையன் பெயர் லூயி பிரெய்ல். ஆமாம், பார்வையற்றவர்கள் விரலால் தடவிப் படிக்கிற 'பிரெய்ல்' எழுத்தைப் பிற்பாடு, பதினைந்தாவது வயதில் உருவாக்கினாரே... அவரேதான்.

இங்கே ஒரு கேள்வி கேட்கவேண்டும். ஊசி குத்தியது ஒரு கண்ணில்தானே? இன்னொரு கண் எப்படிப் போனது?

பலர் இந்த இடத்தை ஒரு வரியில் தாண்டிப் போய்விடுவார்கள். 'தொற்று பரவியது' என்று எழுதிவிட்டு அடுத்த அத்தியாயம்! நடந்தது அதைவிட விசித்திரமான சமாசாரமாக இருக்கவேண்டும் என்று இன்றைய கண் டாக்டர்கள் பலர் நினைக்கிறார்கள். நம் உடம்பின் பாதுகாப்புப் படை இருக்கிறதே, அதற்குக் கண்ணின் உட்பகுதியோடு அதிகப் பழக்கம் கிடையாது. கண் கிட்டத்தட்ட பூட்டி வைத்த அறை. குத்துப்பட்டு அந்த அறை உடைந்ததும், உள்ளே இருந்த திசுவைப் பாதுகாப்புப் படை முதல்முறையாகப் பார்க்கிறது. 'யார்ரா இவன், புதுசா இருக்கானே' என்று எதிரியாகக் குறித்துக் கொள்கிறது. பிறகு அதே அடையாளத்தோடு, ஒரு பாவமும் அறியாத அடுத்த கண்ணுக்குள்ளும் புகுந்து அடிக்க ஆரம்பிக்கிறது! டாக்டர்கள் இதற்கு வைத்திருக்கும் பெயர் 'ஸிம்பதெட்டிக் ஆஃப்தால்மியா'. ஒரு கண்ணின் துக்கத்தில் இன்னொரு கண்ணும் பங்கெடுத்துக் கொள்கிறதாம். என்ன அனுதாபமோ!

ஐந்து வயதில் லூயிக்கு இரண்டு கண்ணும் போயிற்று.

அந்தக் காலத்து வைத்தியரிடம் கொண்டுபோனால் என்ன செய்திருப்பார்? மருந்து இல்லை என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். கண்ணுக்குள் என்ன நடக்கிறது என்று எட்டிப் பார்க்கக்கூட வழியில்லை. கண்மணி கறுப்பாக இருக்கிறது... அதற்குப் பின்னால் இருட்டு. உலகத்தில் உயிரோடு இருந்த ஒரு மனிதரின் விழித்திரையை ஒழுங்காகப் பார்த்த டாக்டர் ஒருவர்கூட அப்போது கிடையாது!

விழித்திரையைத்தான் 'ரெட்டினா' என்கிறோம். கண்ணின் பின்சுவரில் வால்பேப்பர் மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும் மெல்லிய படலம். வெளிச்சம் வந்து விழுகிற இடம் அதுதான். அதற்கு அடுத்தாற்போல, ரத்தக் குழாய்கள் நிறைந்த ஒரு நடு அடுக்கு. பெயர் யுவியா. தோலை உரித்த கறுப்புத் திராட்சை மாதிரி இருப்பதால், திராட்சைக்கான லத்தீன் சொல்லிலிருந்து வந்த பெயர் இது. அங்கே அழற்சி வந்து புண்ணாகிச் சிவந்தால் 'யுவியைட்டிஸ்'. காசநோய்க் கிருமி, சிஃபிலிஸ், லூயிக்கு நடந்ததுபோல சொந்தப் படையே செய்யும் துரோகம் என்று இதற்கு ஏகப்பட்ட காரணங்கள். 1993 கடைசியில் நம் தென் மாவட்டங்களில் பெருமழை பெய்து வெள்ளம் வந்தது. அது வடிந்த பிறகு, கண் சிவந்து பார்வை மங்கிப்போன ஆசாமிகள் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்கு ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். எலி, மாடு போன்றவற்றின் சிறுநீர் வழியாகத் தண்ணீரில் கலக்கும் 'லெப்டோஸ்பைரா' கிருமிதான் குற்றவாளி என்று அங்கே கண்டுபிடித்தார்கள். வெள்ளத்தில் காலை நனைத்ததற்குக் கண்ணில் தண்டனை!

இந்த நடு அடுக்கில் தீப்பிடித்தால் ஒட்டிக்கொண்டிருக்கும் விழித்திரைக்கும் சூடு படும். எவ்வளவு சுட்டது, இன்னும் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று தெரிந்துகொள்வது எப்படி? இந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் நாம் கொஞ்ச தூரம் போகப்போகிறோம்.

1851ம் ஆண்டு, கோனிக்ஸ்பெர்க் நகரத்தில் இருந்த ஹெர்மன் ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்ற இளைஞர் ஒரு கருவியைப் பற்றிப் புத்தகம் வெளியிட்டார். வெளிச்சத்தைக் கண்ணுக்குள் திருப்பி அனுப்பி, அதே பாதையில் திரும்பி வருவதைப் பார்க்கிற எளிய ஏற்பாடு. 'ஆஃப்தால்மாஸ்கோப்'! உயிருள்ள கண்ணின் பின்சுவர், ரத்தக் குழாய்களோடு, செக்கச் செவேலென்று தெரிந்தது. கண் டாக்டர்களுக்குப் பைத்தியம் பிடிக்காத குறை. பாவம் லூயி பிரெய்ல், அடுத்த ஆண்டு ஜனவரி 6ம் தேதி இறந்துபோனார்.

1862ல் ஹாலந்து நாட்டு டாக்டர் ஸ்னெல்லன், இன்றைக்கும் கண்ணாடிக் கடையில் நம்மைப் படிக்கச் சொல்கிறார்களே, மேலே பெரிய எழுத்து, கீழே வரவரச் சின்ன எழுத்து... அந்த அட்டையைக் கொண்டுவந்தார். ஆக, டாக்டர் உள்ளே பார்த்துவிடலாம். நோயாளி வெளியே படித்துவிடலாம். இனி என்ன கவலை என்றுதானே நினைப்பீர்கள்?

யுவியைட்டிஸ் இந்த இரண்டையுமே ஏமாற்றும். அதுதான் அதன் போக்கிரித்தனம்!

முதலில் டாக்டரின் கருவி. அழற்சி முற்றினால் கண்ணுக்குள் இருக்கும் கூழ் போன்ற பகுதியில் வெள்ளை அணுக்களும் புரதமும் மிதந்து பனிமூட்டம் மாதிரி ஆகிவிடும். போதாக்குறைக்கு கண்புரை வேறு சேர்ந்துகொள்ளும். மார்கழி மாதக் காலையில் ஹெட்லைட் போட்டுக்கொண்டு ஊட்டி மலையில் கார் ஓட்டியிருக்கிறீர்களா? எதிரே ரோடு இருக்கிறதா, பள்ளம் இருக்கிறதா... தெரியாது. அதே கதை.

அடுத்தது அட்டை. இதைக் கொஞ்சம் விளக்கிச் சொல்லவேண்டும். எழுத்தைப் படிக்க நாம் உபயோகிப்பது விழித்திரையின் நட்டநடுவில் ஒன்றரை மில்லிமீட்டர் அகலம்கூடத் தேறாத ஒரு சின்னக் குழி. அவ்வளவுதான்! மிச்சமிருக்கும் பெரும்பரப்பு பக்கவாட்டுப் பார்வைக்கு, இருட்டில் தடுக்கி விழாமல் நடப்பதற்கு, தூரத்தில் ஏதோ அசைகிறதே என்று உணர்வதற்கு. இதில் முக்கால்வாசி பழுதாகிக்கொண்டு வந்தாலும், அந்தக் குழி மட்டும் தப்பித்திருந்தால் நீங்கள் கடைசி வரிவரை கடகடவென்று படித்துவிடுவீர்கள். 'சிக்ஸ் பை சிக்ஸ்! உங்களுக்கு ஒண்ணுமில்லே' என்று டாக்டர் சொல்லிவிடுவார். நீங்களும் சந்தோஷமாக வெளியே வந்து... சாயங்கால வெளிச்சத்தில் படிக்கட்டுத் தெரியாமல் உருளுவீர்கள்!

அப்படியென்றால் விழித்திரையையே நேரில் கூப்பிட்டு விசாரிக்க வேண்டும். அதற்கான சாட்சி ஏற்கனவே ஐரோப்பாவில் ஒரு தவளையிடம் இருந்தது.

பள்ளிக்கூடத்தில், கண் என்பது கேமரா, விழித்திரை என்பது ஃபிலிம் என்று சொல்லிக் கொடுத்திருப்பார்கள். பாதிதான் சரி. ஃபிலிம் சும்மா கிடக்கும். விழித்திரை மின்சாரம் தயாரிக்கும்! 1849ல் ஜெர்மானிய விஞ்ஞானி எமில் துபுவா ரேமோன் ஒரு மீனின் கண்ணை எடுத்துச் சோதித்தபோது, கண்ணின் முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் நடுவே நிரந்தரமாக ஒரு மின்னழுத்தம் இருப்பதைக் கவனித்தார். ஒரு குட்டி பேட்டரி மாதிரி. அதோடு விட்டுவிட்டார்.

பதினாறு ஆண்டுகள் கழித்து, 1865ல், ஸ்வீடன் நாட்டு உப்ஸலா பல்கலைக்கழகத்தில் ஃப்ரிதியோஃப் ஹோம்கிரென் அந்த 'பேட்டரி'யின் மேல் வெளிச்சத்தைப் போட்டுப் பார்த்தார். தவளையின் கண். கரன்ட்டை அளக்கும் கருவியின் முள் அசைந்தது. வெளிச்சத்தை மறைத்தார். மறுபடி அசைந்தது! வெளிச்சம் வந்தாலும் போனாலும் கண் 'வந்துட்டேன்... போயிட்டேன்' என்று தகவல் கொடுக்கிறது.

உலகமே துள்ளிக் குதித்திருக்க வேண்டாமா? ஒன்றும் நடக்கவில்லை. காரணம், அந்த மனுஷர் கட்டுரையை எழுதியது ஸ்வீடிஷ் மொழியில்! அதை யார் படித்தார்கள்? ஹோம்கிரெனுக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது வேறொரு விஷயம். 1875ல் ஸ்வீடனில் லாகர்லுண்டா என்ற இடத்தில் இரண்டு ரயில்கள் மோதி ஒன்பது பேர் இறந்தார்கள். சிக்னலின் நிறத்தைத் தப்பாகப் பார்த்திருப்பார்களோ என்று சந்தேகப்பட்ட ஹோம்கிரென், கலர் கலராகக் கம்பளி நூல்கண்டுகளைக் கொடுத்து, 'இந்த நிறம் மாதிரி இருப்பதை எல்லாம் பொறுக்கி எடு' என்று ரயில்வே ஊழியர்களைச் சோதித்தார். நிறக்குருடு உள்ளவர்கள் மாட்டிக்கொண்டார்கள். (அந்த விபத்துக்கு நிஜமாகவே நிறக்குருடுதான் காரணமா என்று இப்போது ஆராய்ச்சியாளர்கள் சந்தேகம் கிளப்புகிறார்கள். அது தனிக்கதை!) நூல்கண்டு உலகம் சுற்றியது, தவளை உப்ஸலாவிலேயே தங்கிவிட்டது.

1873ல் ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரத்தில் ஜேம்ஸ் டுவார், ஜான் மெக்கென்ட்ரிக் என்ற இரண்டு பேர், ஹோம்கிரென் என்று ஒருவர் இருப்பதே தெரியாமல் இதையே மறுபடி கண்டுபிடித்தார்கள். இதில் டுவார் யார் தெரியுமா? நாம் பஸ்ஸில் போகும்போது காபி எடுத்துப் போகிறோமே, ஃபிளாஸ்க்... அதன் மூலப் பிதாமகர். இரட்டைச் சுவருக்கு நடுவே காற்றை உறிஞ்சி எடுத்த அந்தக் குடுவையை அவர் செய்தது பிற்பாடு, 1892ல்.

தவளை போதாது, மனிதக் கண்ணில் பார்த்தால் என்ன என்று டுவாருக்குத் தோன்றியது. 1877ல் அதையும் செய்தார். எப்படி என்று கேட்டால் சிரிப்பீர்கள். ஆசாமியை மல்லாக்கப் படுக்க வைத்து, தலையை அசையாமல் கட்டி, கண்ணைச் சுற்றிக் களிமண்ணால் ஒரு வரப்பு! அதற்குள் உப்புத் தண்ணீரை ஊற்றி, அந்தக் குட்டைக்குள் ஒரு மின்முனை. சுற்று முழுமையடைய வேண்டுமே... ஆசாமியின் கையை இன்னொரு உப்புத் தண்ணீர்த் தொட்டியில் முக்கி, அதில் இன்னொரு முனை. பிறகு, வெளிச்சம்! உப்புத் தண்ணீருக்குள் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு படுத்திருந்த அந்தப் புண்ணியவானின் பொறுமையை நினைத்தால் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது. மனித விழித்திரையின் கரன்ட் முதல்முறையாக வெளியே தெரிந்தது அப்படித்தான்.

ஆனால் இதை வைத்துக்கொண்டு வைத்தியம் பார்க்க முடியாது. அளவைப் பாருங்கள். டார்ச்சில் போடுகிற பேட்டரி ஒன்றரை வோல்ட். விழித்திரை தருவது அதில் ஐந்தாயிரத்தில் ஒரு பங்கு, பத்தாயிரத்தில் ஒரு பங்கு. அதுவும் ஒரு விநாடியின் சின்னத் துணுக்குக்குள் வந்து போய்விடும். அன்றைய கருவியின் முள் நகர ஆரம்பிப்பதற்குள் கச்சேரியே முடிந்திருக்கும்!

கொஞ்சம் வேகமான கருவி இன்னொரு டாக்டரிடமிருந்து வந்தது. இதயத்துக்கு ஈ.சி.ஜி. எடுக்கும் முறையைக் கொண்டுவந்த, அதற்காக 1924ல் நோபல் பரிசு வாங்கிய ஐந்தோவன். ஹாலந்துக்காரர். அவரும் ஜாலி என்ற விஞ்ஞானியும் 1908ல் தவளைக் கண்ணின் கரன்ட்டைத் தெளிவாக வரைந்து எடுத்தார்கள். வெளிச்சம் பட்டதும் கோடு முதலில் கீழே ஒரு சின்ன இறக்கம், உடனே மேலே ஒரு பெரிய ஏற்றம், பிறகு நிதானமாக ஒரு மேடு. வரிசையாக 'ஏ', 'பி', 'சி' என்று பெயர் வைத்தார்கள். இன்றும் அதே பெயர்கள்தான்.

ஏற்ற இறக்கம் சரி, எந்த அலை எங்கிருந்து வருகிறது? இதைப் பிரித்துக் காட்டியவர் ஃபின்லாந்துக்காரரான ராக்னர் கிரானிட். 1933ல் வெளியான அவருடைய சோதனை அபாரமானது. பூனைக்கு ஈதர் மயக்க மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே போனார். மயக்கம் ஆழமாக ஆக, அலையின் பகுதிகள் ஒவ்வொன்றாக, ஒரு ஒழுங்கோடு மறைந்தன. ஆர்க்கெஸ்ட்ராவில் முதலில் வயலின்காரர் எழுந்து போகிறார், அடுத்து தபேலாக்காரர், கடைசியில் புல்லாங்குழல் என்றால், எந்தச் சத்தம் யாருடையது என்று கண்டுபிடித்துவிடலாம் இல்லையா? அப்படி! வெளிச்சத்தை வாங்கும் செல்கள் தருவது ஏ அலை. அவை செய்தியை ஒப்படைக்கும் அடுத்த வரிசை செல்களால் எழுவது பி அலை என்று பிற்பாடு ஒவ்வொன்றாகத் தெளிவாயிற்று. போர்க்காலத்தில், 1940ல், கிரானிட் ஸ்டாக்ஹோமுக்குக் குடிபெயர்ந்தார். 1967ல் இரண்டு அமெரிக்க விஞ்ஞானிகளோடு சேர்த்து அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

களிமண் வரப்புக்கு ஒரு மாற்று வேண்டுமே! அமெரிக்காவில் பிரௌன் பல்கலைக்கழகத்தில் லாரின் ரிக்ஸ் 1941ல் கான்டாக்ட் லென்ஸிலேயே மின்முனையைப் பதித்துவிட்டார். கண்ணில் மாட்டினால் போதும். கிரானிட் இருந்த அதே ஸ்டாக்ஹோமில் யஸ்டா கார்ப்பே என்ற கண் டாக்டர் ஏராளமானவர்களைச் சோதித்து, 1945ல் ஒரு பெரிய ஆய்வேட்டை வெளியிட்டார். ஆரோக்கியமான கண் எவ்வளவு கரன்ட் தரும், எந்த நோயில் எவ்வளவு குறையும் என்ற கணக்கு அப்போதுதான் கைக்கு வந்தது. மாலைக்கண்ணில் ஆரம்பித்துப் பரம்பரையாகப் பார்வையைப் பறிக்கும் ஒரு நோயில், கோடு ஏறக்குறைய தட்டையாகவே ஓடியதை அவர் காட்டினார். ஈ.சி.ஜி.க்கு ஒரு தம்பி பிறந்துவிட்டான். பெயர் ஈ.ஆர்.ஜி. விரித்துச் சொன்னால் எலெக்ட்ரோ ரெட்டினோகிராம்.

இனி நம் யுவியைட்டிஸ் நோயாளியிடம் திரும்பலாம். அதுவரை அவருக்கு என்ன வைத்தியம் நடந்துகொண்டிருந்தது? கண்மணியை விரிய வைக்கும் சொட்டு மருந்து. அது போதாவிட்டால், டைஃபாய்டு தடுப்பு மருந்தை ரத்தத்தில் ஏற்றி வேண்டுமென்றே காய்ச்சல் வரவழைப்பார்கள்! காய்ச்சலில் உடம்பு கொதித்தால் கண் அடங்கும் என்று நம்பிக்கை. 1948ல் அமெரிக்காவில் மேயோ கிளினிக் டாக்டர் ஃபிலிப் ஹென்ச் மூட்டுவாத நோயாளிக்கு 'கார்ட்டிஸோன்' கொடுத்து எழுந்து நடக்க வைத்தார். அடுத்த ஓரிரு ஆண்டுகளில் அது கண்ணுக்கும் வந்தது. அழற்சி என்ற நெருப்பை அணைக்கும் தண்ணீர் முதல்முறையாகக் கிடைத்தது.

ஆனால் ஸ்டீராய்ட் சும்மா வேலை செய்யாது, வாடகை கேட்கும். நாள்பட எடுத்தால் கண்புரை, கண் அழுத்தம், சர்க்கரை, எலும்புத் தேய்மானம். ஆகவே டாக்டருக்குப் புதிதாக ஒரு தலைவலி. மருந்தை எப்போது கூட்டுவது, எப்போது நிறுத்துவது? சீக்கிரம் நிறுத்தினால் விழித்திரை போகும். தேவையில்லாமல் நீட்டினால் உடம்பு போகும். 'எப்படி இருக்கு?' என்று கேட்டால் நோயாளி, 'பரவாயில்லே டாக்டர்' என்பார். பனிமூட்டம் வழியாகப் பார்த்தால் குத்துமதிப்பாகத் தெரியும். வேறு எதையாவது நம்பவேண்டும்.

விழித்திரையின் கரன்ட்டுக்குப் பனிமூட்டம் பெரிய தடை இல்லை என்பதுதான் இதில் அழகு. பிரகாசமான ஃப்ளாஷ் அடித்தால், புகை மண்டிய கண்ணுக்குள்ளும் வெளிச்சம் சிதறிப் பரவி விழித்திரையைத் தொட்டுவிடும். அது உயிரோடு இருந்தால் பதில் சொல்லும். அழற்சியோடு கண்புரையும் முற்றிய ஒருவருக்கு ஆபரேஷன் செய்தால் பிரயோஜனம் உண்டா என்று தெரியாமல் டாக்டர் தவிக்கும்போது, கோடு எழும்பினால் தைரியமாகக் கத்தியை எடுக்கலாம்.

ஈ.ஆர்.ஜி.யின் பெருமை முழுசாகத் தெரிந்தது வேறொரு நோயில்தான். 1980ல் ரையான், மௌமெனி என்ற இரண்டு அமெரிக்க டாக்டர்கள் ஒரு விநோதமான அழற்சியைப் பற்றி எழுதினார்கள். கண்ணின் பின்சுவரில் வெளிர் மஞ்சள் புள்ளிகள், பறவை சுடும் துப்பாக்கியின் ரவைகள் சிதறியது மாதிரி. 'பேர்ட்ஷாட்' என்றே பெயர் வைத்தார்கள். நடுத்தர வயதில் வரும். பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினருக்கு. நம் பக்கம் அபூர்வம். வலி கிடையாது. கண் சிவக்காது. வருகிறவர்கள் எல்லாம் சொல்வது ஒரே மாதிரி இருக்கும்... நிறமெல்லாம் வெளுத்த மாதிரி இருக்கு, ராத்திரியில் கார் ஓட்ட முடியலே, ஓரத்தில் என்னவோ மினுமினுங்குது. அட்டையைக் காட்டினால்? கடைசி வரிவரை படிப்பார்கள்!

இவர்களை ஈ.ஆர்.ஜி.யில் உட்கார வைத்தார்கள். சோதனையில் ஒரு பகுதி, விநாடிக்கு 30 முறை வெளிச்சத்தை அணைத்து அணைத்துப் போடுவது. இருட்டுக்கென்று இருக்கும் தண்டு வடிவ செல்களால் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாது. பகல் வெளிச்சத்துக்கும் நிறத்துக்கும் பொறுப்பான கூம்பு செல்கள் மட்டும் தாளம் தப்பாமல் பதில் சொல்லும். ஆரோக்கியமான கண்ணில் ஒவ்வொரு பதிலும் உச்சத்துக்கு வர 30 மில்லி செகண்ட் வாக்கில் ஆகும், அதாவது ஒரு விநாடியில் ஆயிரத்தில் முப்பது பங்கு. பேர்ட்ஷாட் நோயாளிகளுக்கு இது ஐந்து, பத்து மில்லி செகண்ட் தாமதமாக வந்தது. அலையின் உயரம்கூடப் பல பேருக்கு ஓரளவு நன்றாகவே இருந்தது, நேரம்தான் தப்பிற்று. கச்சேரியில் பாட்டு சரி, தாளம் இழுக்கிறது!

வெறும் பத்து மில்லி செகண்ட்... இதற்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம் என்று நீங்கள் கேட்கலாம். அந்தத் தாமதத்துக்கு அர்த்தம், செல்கள் நோய்ப்பட்டிருக்கின்றன, ஆனால் சாகவில்லை என்பது. ஒழுங்காக மருந்து கொடுத்தால் தாமதம் குறைந்து, தாளம் மறுபடி சேர்ந்துவிடுகிறது. பல நோயாளிகளிடம் இதைப் பார்த்திருக்கிறார்கள். விட்டுவிட்டால் உயரமும் சரிய ஆரம்பிக்கும். சரிந்தது லேசில் திரும்பாது. ஆகவேதான் இந்த நோயில், அட்டையைக் கடைசி வரிவரை படிக்கிற மனிதருக்கும், 'உங்கள் விழித்திரை போய்க்கொண்டிருக்கிறது, மருந்தைக் கூட்டணும்' என்று சொல்லும் துணிச்சல் டாக்டருக்கு வருகிறது.

இன்னொரு வேடிக்கை. 1990களின் தொடக்கத்தில் அமெரிக்க விழித்திரை நிபுணர் டொனால்ட் காஸ் ஒரு நோயை விவரித்தார். பெரும்பாலும் இளம்பெண்களுக்கு, திடீரென்று பார்வையில் ஒரு பகுதி காணாமல் போகும். பார்த்தால் கண் சுத்தம்! ஒரு புள்ளிகூட இல்லை. 'எல்லாம் மனப்பிரமை' என்றோ, 'மூளையை ஸ்கேன் பண்ணு' என்றோதான் இப்படிப்பட்டவர்களை அனுப்பத் தோன்றும். ஈ.ஆர்.ஜி. எடுத்தால் அலை குன்றியிருக்கும். அந்தப் பெண் சொன்னது நிஜம். கண்ணால் பார்த்த டாக்டர்தான் ஏமாந்தார். என்னைக் கேட்டால், ஹோம்கிரெனின் தவளை செய்த உபகாரங்களிலேயே பெரியது இதுதான்.

லூயி பிரெய்லுக்கு வந்த நோய்க்கு ஒரு உடன்பிறப்பு உண்டு. அடி எதுவும் படாமலேயே பாதுகாப்புப் படை இரண்டு கண்களையும் தாக்கும். காதில் இரைச்சல், தலைவலி, அப்புறம் முடியும் இமைமயிரும் நரைப்பது, தோலில் வெண்திட்டு எல்லாம் கூடவே வரலாம். வோக்ட், கொயனாகி, ஹாரடா என்ற மூன்று டாக்டர்களின் பெயரால் சுருக்கமாக 'வி.கே.ஹெச்.' என்பார்கள். இந்தியாவில் இதைப் பார்க்காத யுவியைட்டிஸ் டாக்டர் இருக்கமாட்டார். ஸ்டீராய்டில் கண் அடங்கிவிடும், சிவப்பு போய்விடும், எல்லோரும் நிம்மதியாவார்கள். பிரேசில் நாட்டு டாக்டர்கள் இப்படி 'அடங்கிய' கண்களில் வரிசையாக ஈ.ஆர்.ஜி. எடுத்துப் பார்த்தபோது, சிலருடைய அலை சத்தமில்லாமல் இறங்கிக்கொண்டிருந்தது. சாம்பலுக்கு அடியில் கங்கு!

ஈ.ஆர்.ஜி.யைத் தலையில் தூக்கி வைத்து ஆடவும் வேண்டாம். அது விழித்திரை முழுவதும் சேர்ந்து போடுகிற கோஷம். நடுக்குழியில் மட்டும் நீர் கோத்து ஒருவர் படிக்க முடியாமல் தவித்தாலும், கோஷத்தில் அந்தச் சின்னக் குரல் குறைந்தது தெரியாது. இந்தக் குறையைத் தீர்க்க 1990களில் எரிக் ஸட்டர் என்ற விஞ்ஞானி, தேன்கூடு மாதிரி அறுகோணக் கட்டங்களைத் திரையில் மின்ன வைத்து, விழித்திரையின் ஒவ்வொரு மூலைக்கும் தனித்தனியாக ஓட்டுப் போட வைக்கும் முறையைக் கொண்டுவந்தார். நடுக்குழியில் நீர் கோத்திருப்பதை அடுக்கடுக்காகப் படம் பிடிக்கும் ஓ.சி.டி. ஸ்கேன் இன்னும் சுலபமாகக் காட்டிவிடுகிறது. கண் சிவந்து போகிற எல்லோருக்கும் ஈ.ஆர்.ஜி. தேவையும் இல்லை, கண்ணின் முன்பகுதியோடு நிற்கும் அழற்சிக்கு இது வீண் செலவு.

இன்னொரு சிக்கல், ஊருக்கு ஊர் ஒவ்வொரு வெளிச்சம், ஒவ்வொரு கணக்கு என்று இருந்தது. லண்டனில் எடுத்த கோட்டைச் சென்னையில் காட்டினால் 'இது என்ன கோடு?' என்பார்கள். 1989ல்தான் சர்வதேச சங்கம் ஒன்று கூடி, இத்தனை நேரம் இருட்டு, இவ்வளவு வெளிச்சம் என்று எல்லோருக்கும் பொதுவான விதி வகுத்தது. நல்லவேளை!

இப்போது உங்களுக்கு இந்த டெஸ்ட் எழுதிக் கொடுத்தால் என்ன நடக்கும்? சொட்டு மருந்து விட்டுக் கண்மணியை விரிய வைப்பார்கள். இருபது நிமிஷம் கும்மிருட்டில் உட்காரவேண்டும் (செல்போனை நோண்டக்கூடாது, அந்த வெளிச்சம் போதும் எல்லாவற்றையும் கெடுக்க). மரத்துப்போகும் மருந்து விட்டு, கான்டாக்ட் லென்ஸோ, தலைமுடியைவிட மெல்லிய ஒரு நூலோ கண்ணில் வைப்பார்கள். பாதி பூசணிக்காயைக் குடைந்த மாதிரி ஒரு வெள்ளைக் கிண்ணத்துக்குள் முகத்தை வைத்தால், உள்ளே மினுக்... மினுக். முதலில் இருட்டுக்கான செல்களை விசாரிக்கும் மங்கல் வெளிச்சம், பிறகு பளீர், கடைசியில் அந்த விநாடிக்கு முப்பது. வலிக்காது. கொஞ்சம் உறுத்தும். கண்ணுக்கு அடியில் ஸ்டிக்கர் ஒட்டிவிட்டுக் கையடக்கக் கருவியிலேயே பார்க்கும் வசதியும் வந்துவிட்டது. டுவார் பார்த்தால் பொறாமைப்படுவார்!

நாள்பட்ட அழற்சிக்காரர்களுக்கு இதைச் சில மாதங்களுக்கு ஒருமுறை திரும்பத் திரும்ப எடுப்பார்கள். ஒரு தாளில் இருக்கும் எண்ணைவிட, நாலைந்து தாள்களை வரிசையாக வைத்துப் பார்ப்பதில்தான் சங்கதி இருக்கிறது. போன தடவையைவிட மில்லி செகண்ட் குறைந்திருந்தால் டாக்டர் மாத்திரையில் கை வைப்பார், பத்து மில்லிகிராமை ஏழரையாக்கி. கூடியிருந்தால், நீங்கள் கடைசி வரிவரை படித்துக் காட்டினாலும் சரி, கெஞ்சினாலும் சரி... அடுத்த மூன்று மாதத்துக்கு அதே மாத்திரைதான்.